குரங்கணிச் சரிவு, 2018 மார்ச் 11: ஒரு மலைநடைத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இரண்டு மலையேற்றக் குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்தது. முந்தைய நாள் ஏறி, மேலே இரவு தங்கி, மறுநாள் இறங்குவது என்பதுதான் சென்னைக் குழுவின் திட்டம். பாதி மலையில், ஒத்தமரம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பகுதியை ஒட்டிக் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. சிலர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு மீட்கப்பட்ட பலர் அடுத்தடுத்த வாரங்களில் மருத்துவமனைகளில் இறந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

தீயை யார் மூட்டினார்கள், எப்படிப் பிடித்தது என்பதைச் சுற்றியே அப்போது அதிகம் பேசப்பட்டது. மலைநடையைத் திட்டமிடுகிறவருக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம்தான். மார்ச் மாதத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தீ வரும் என்பதை மழைக்காலத்தில் மழை வரும் என்பதைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும். தீ வந்தால் இந்தக் குழு எங்கே நிற்கும், எந்த மணிக்கு எங்கே இருக்கும், எந்தப் பக்கம் போகும் என்பதற்குத் திட்டத்தில் பதில் இருந்ததா என்பதே இங்கே கேட்க வேண்டியது.

இடம்

கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேலே, முகட்டை ஒட்டியுள்ள தேயிலைத் தோட்டம். நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் வருகிறது. கல்லும் பள்ளமுமான அந்த வழியில் ஜீப் மட்டுமே ஏறும். தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணிக்கு இறங்க ஒற்றையடிப் பாதைதான் உண்டு.

முகட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தேயிலை, சோலை, ஈரம் என்று இருக்கும். போடியைப் பார்த்த கிழக்குப் பக்கம் மழைமறைவு. அந்தச் சரிவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைதான். அதில் ஆளுயரத்துக்கு வளரும் புல் ஜனவரியில் பழுக்கத் தொடங்கி, பிப்ரவரி கடைசியில் வைக்கோலாகிவிடும். மேலே தேயிலைத் தோட்டத்தில் காலையில் பனி கொட்டுவதைப் பார்த்துவிட்டு, கீழே வைக்கோல் சரிவு காத்திருக்கிறது என்று புதிதாக வருபவர் ஊகிக்க முடியாது. இரண்டுக்கும் நடை தூரம் ஒரு மணி நேரம்கூட இல்லை.

தீ நிபுணர்கள் காய்ந்த புல்லை ‘ஒரு மணி நேர எரிபொருள்’ என்பார்கள். காற்றின் ஈரப்பதம் மாறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புல்லின் ஈரமும் மாறிவிடும். காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்து பற்ற மறுக்கும் அதே புல், வெயில் ஏறிய பிறகு ஒரு பொறிக்கே பிடித்துக்கொள்ளும். கிழக்குச் சரிவில் இது சீக்கிரமே நடக்கும், ஏனென்றால் விடிந்ததும் முதல் வெயில் அங்கேதான் விழுகிறது. சூடான சரிவிலிருந்து காற்று மேலெழும்பத் தொடங்கிவிடும். பள்ளத்தாக்கிலிருந்து முகட்டுக்கு வீசும் இந்தக் காற்று முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்தை அடையும். பொழுது சாய்ந்தபின் திசை திரும்பி மேலிருந்து கீழே வீசும். ஆக, நண்பகல் முதல் மாலை நான்கு மணி வரை வறண்ட புல், குறைந்த ஈரப்பதம், மேல்நோக்கிய காற்று மூன்றும் ஒன்றுசேர்கின்றன. அன்று குழுக்கள் நடுச்சரிவில் இருந்ததும் இந்த நேரத்தில்தான்.

சரிவின் கணக்கு

சமதளத்தோடு ஒப்பிட்டால், சரிவு ஒவ்வொரு பத்து பாகைக்கும் தீ மேல்நோக்கிப் பரவும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீப் பயிற்சிகளில் சொல்லித்தரப்படும் தோராயக் கணக்கு. பத்துப் பாகையில் இரண்டு மடங்கு, இருபதில் நான்கு, முப்பதில் எட்டு. சமதளத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போகும் புல்தீ முப்பது பாகைச் சரிவில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் ஏறும். காற்றின் பங்கு இன்னும் இதில் சேரவில்லை.

இப்போது மனிதரின் வேகம். பழகிய நடையாளி ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறுவார். முப்பது பாகைச் சரிவில் அது சரிவின் மீது 1,200 மீட்டர் தூரம். உயிர் பயத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறினாலும் மணிக்கு 2.4 கிலோமீட்டர்தான், அந்த வேகமும் சில நிமிடங்களுக்கு மேல் நிலைக்காது. எட்டோடு இரண்டரை ஓடிப் பார்க்கும் ஓட்டம் இது. கீழே புகையைப் பார்த்துவிட்டு வந்த வழியே மேலே ஓடித் தப்பலாம் என்பது நடுச்சரிவில் நிற்பவருக்குத் தோன்றும் முதல் எண்ணம். பலரைக் கொன்றதும் அந்த எண்ணம்தான். 1949 ஆகஸ்ட் 5-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற புல்வெளிப் பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பு வீரர்கள் இறந்தது இப்படித்தான். பயிற்சி பெற்ற இளைஞர்கள் அவர்கள். முகட்டை நோக்கி ஓடினார்கள், தீ முந்திவிட்டது.

ஓடைப்பள்ளம் இன்னொரு கண்ணி. மறைவாக இருக்கிறதே என்று இறங்கத் தோன்றும். ஆனால் இரண்டு கரைகளும் நெருங்கிய பள்ளம் தீக்குப் புகைபோக்கி. சூடான காற்றும் நெருப்பும் அதற்குள்ளாகத்தான் மேலே இழுக்கப்படும். முகட்டில் உள்ள தாழ்வான கணவாய்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சரிவில் எரியும் கட்டைகள் உருண்டு, நிற்பவர்களுக்குக் கீழே புதிய தீயை மூட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் ஒரு தீ எரிவதைப் பார்த்துக்கொண்டே நடந்தவர்களுக்குச் சில நிமிடங்களில் காலடியிலிருந்து தீ வருவது இதனால்தான்.

எங்கே நின்றால் பிழைக்கலாம்? எரிய எதுவும் இல்லாத இடத்தில். ஏற்கனவே எரிந்து கருகிய நிலம், அகலமான பாறை, செடியற்ற மண், நீர்நிலை, நன்றாகப் பராமரித்த பச்சைத் தேயிலை ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். சுடர் எவ்வளவு உயரமோ அதைப்போல் நான்கு மடங்கு தூரம் எல்லாப் பக்கமும் விலகி நிற்க வேண்டும் என்பது தீயணைப்பு வீரர்களுக்கான சமதளக் கணக்கு. மூன்று மீட்டர் சுடருக்குப் பன்னிரண்டு மீட்டர். அது பாதுகாப்பு உடை அணிந்தவருக்குச் சொன்னது. சரிவில், காற்றில், சாதாரணச் சட்டையில் நிற்பவர் இதை இரண்டு மடங்காகவாவது எடுத்துக்கொள்ள வேண்டும். பாதையோரத்தில் உள்ள ஒரு பாறைத்திட்டு இந்தக் கணக்குக்குத் தேறாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மனம் கனக்கும் ஓர் உண்மை தெரிகிறது. அந்த வட்டாரத்தில் இருந்த மிகப் பெரிய, மிகப் பாதுகாப்பான இடம் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம்தான். பச்சைச் செடி, நடுவே வெறும் பாதை, வண்டி வரும் வழி எல்லாம் அங்கே இருந்தன. அந்த இடத்தை விட்டுப் புல் சரிவில் இறங்கியதோடு தப்பிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கின. ஆகவே, முடிவு எடுக்க வேண்டிய இடம் ஒத்தமரம் அல்ல, தேயிலையின் கடைசி வரிசை.

கடிகாரத்தின் கணக்கு

மலைநடை நேரத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படுவது நெய்ஸ்மித் விதி: தட்டையான தூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். செங்குத்தான இறக்கத்துக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். பாதை 10 கிலோமீட்டர், இறக்கம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தோடு நாற்பது நிமிடம் சேரும். இது பழகிய ஓர் ஆளுக்கான நேரம்.

குழு என்றாலே இந்தக் கணக்கு உடையும். ஒற்றையடிப் பாதையில் இருபது பேர் நடந்தால் வேகத்தை நிர்ணயிப்பவர் மிக மெதுவாக நடப்பவர். சறுக்கும் இடம் ஒன்றில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் இருபது நிமிடம் அங்கேயே போய்விடும். முதல்முறை மலையிறங்குபவருக்கு ஒரு மணி நேரத்தில் தொடை நடுங்கத் தொடங்கும், முழங்கால் பிடிக்கும். புதியவர்கள் நிறைந்த பெரிய குழுவுக்கு நெய்ஸ்மித் நேரத்தை இரண்டால் பெருக்குவதே நேர்மை. இங்கே அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பதினோரு மணிக்குள் புல்வெளியைத் தாண்ட வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு முன்பே நடக்கத் தொடங்கியாக வேண்டும். கொழுக்குமலைக்கு ஆட்கள் வருவதே சூரிய உதயம் பார்க்கத்தான். உதயம் பார்த்து, படம் எடுத்து, சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்குப் புறப்படும் குழு, கணக்குப்படியே பிற்பகல் இரண்டு மணிக்கு இன்னும் சரிவில்தான் இருக்கும். இதில் யாருடைய சோம்பலும் இல்லை. உதயம் பார்ப்பதும் வெயிலுக்கு முன் இறங்குவதும் ஒரே நாளில் ஒத்துவராது என்பதைத் தாளில் எழுதிப் பார்த்திருந்தால் வீட்டிலிருந்தபடியே தெரிந்திருக்கும்.

செயற்கைக்கோள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நாசாவின் ஃபர்ம்ஸ் இணையதளத்தில் உலகின் எந்த மலையிலும் எரியும் தீயை இலவசமாகப் பார்க்கலாம். இந்திய வன ஆய்வு நிறுவனமும் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. புறப்படும் முன் ஏழு நாள் தீப்புள்ளிகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். சுற்றுவட்டாரத்தில் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தாலே அந்தச் சரிவு எரியத் தயாராகிவிட்டது என்று பொருள். ஆனால் வரம்பு தெரிந்து பயன்படுத்த வேண்டும். தீப்புள்ளிகளைத் தரும் விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர்க் கட்டத்தைக் குறிக்கும். அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே வருவது பிற்பகல் ஒன்றரையை ஒட்டியும் இரவு ஒன்றரையை ஒட்டியும். தகவல் இணையத்துக்கு வந்துசேர மூன்று மணி நேரம் வரை ஆகும். காலை ஒன்பதுக்குப் பிடித்த தீ திரையில் தெரிவதற்குள் மாலை ஆகிவிடலாம். திரையில் புள்ளி இல்லாததை வைத்துத் தீ இல்லை என்று முடிவு செய்து இறங்கக் கூடாது.

அதைவிடப் பயன் தருபவர் அன்று காலை முந்தல், குரங்கணிப் பக்கம் இருக்கும் ஓர் ஊர்க்காரர். கீழேயிருந்து பார்ப்பவருக்குச் சரிவு முழுதும் தெரியும். சரிவில் நடப்பவருக்கு அடுத்த வளைவு வரைதான் தெரியும். கீழே ஒருவரை நிறுத்தி, மணிக்கு ஒருமுறை பேசுவது என்று ஏற்பாடு செய்தால் அதுதான் காவல்கண். கைப்பேசி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதை முன்கூட்டியே குறித்துவைத்து, சமிக்ஞை கிடைக்கும் இடங்களில் மட்டும் பேச வேண்டும். செயற்கைக்கோள் பேசியை நம்பித் திட்டம் போட முடியாது. இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

அனுமதிச்சீட்டு வெறும் தாள் அல்ல

கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி தரப்படவில்லை என்று வனத்துறை பின்னர் சொன்னது. இதைச் சட்டப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. சோதனைச்சாவடிப் பதிவேட்டில் எந்த வழி இருக்கிறதோ அந்த வழியில்தான் தேடுவார்கள். எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரைத்தான் எண்ணுவார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழியும் கொழுக்குமலை வழியும் வேறுவேறு மலைமுதுகுகள். குழு எதில் இருக்கிறது, எத்தனை பேர், எப்போது கீழே வந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் இருவரிடம் இருக்க வேண்டும்: ஒன்று சாவடியில், இன்னொன்று நகரத்தில் இருக்கும் ஒரு பொறுப்பானவரிடம். குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழிந்தும் பேச்சு வரவில்லையென்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 112-ஐ அழைக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

உடை

மலையேற்ற வழிகாட்டிகள் எல்லாம் பருத்தி வேண்டாம், செயற்கை இழை போடுங்கள் என்றுதான் சொல்கின்றன. குளிருக்கும் மழைக்கும் அது சரி. தீக்கு நேர்மாறு. நைலான் 220 பாகை செல்சியஸை ஒட்டியும் பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டியும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காயம் ஆழமாகும், மருத்துவமனையில் பிரித்தெடுப்பதும் கொடுமை. தடித்த பருத்தி கருகும், பற்றவும் செய்யும், ஆனால் உருகாது. வறண்ட மாதத்தில் வேலை நிமித்தமாகப் புல் சரிவில் கால்வைக்க நேர்பவருக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, தடித்த பேன்ட், தோல் காலணி, கழுத்தில் பருத்தித் துண்டு. டிசம்பர் மழையில் ஏறுபவருக்குக் கம்பளியும் செயற்கை இழையும். ஒரே பட்டியலை எல்லா மாதத்துக்கும் கொடுப்பதுதான் தவறு.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வெயிலில் இறங்கும்போது ஆளுக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், அதற்கு மேல் தொடாத ஒரு லிட்டர். மார்ச்சில் ஓடையை நம்பக் கூடாது.

காயம்பட்டவர் பாதி மலையில்

குரங்கணியில் அன்று முதலில் வந்து சேர்ந்தவர்கள் உள்ளூர் மக்களும் வனத்துறை, தீயணைப்பு ஊழியர்களும்தான். போர்வையிலும் கம்பிலும் தொட்டில் கட்டி, இருட்டில், கரடான பாதையில் ஆட்களைத் தூக்கி வந்தார்கள். அதன் பாரம் எவ்வளவு என்பதைத் திட்டமிடுகிறவர் உணர வேண்டும். மலைப்பாதையில் ஒருவரைத் தூக்க ஒரே நேரத்தில் ஆறு பேராவது வேண்டும், தோள் மாற்ற ஆள் வேண்டும். ஒருவருக்கு எட்டு என்று குறைத்து வைத்தாலும் பன்னிரண்டு பேரைத் தூக்க 96 பேர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இருட்டியபின் செங்குத்தான பள்ளத்தாக்கில் அவற்றால் செய்யக்கூடியது குறைவு. பிற்பகலில் நடக்கும் விபத்துக்கு முழு உதவி மறுநாள் காலையில்தான் வரும் என்று வைத்தே முதலுதவிப் பையைக் கட்ட வேண்டும்.

தீக்காயத்துக்குச் சிறந்த சிகிச்சை இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பயன் உண்டு. தண்ணீர் இல்லாத சரிவில் நனைத்த துணியைத் திரும்பத் திரும்ப மாற்றுவதே கைகூடும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். அரை மணி நேரத்தில் வீங்கிவிட்டால் வராது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. மஞ்சள், மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் போர்த்தினால் போதும், ஒரு சுருளின் எடை சில நூறு கிராம்தான். முகம் கருகியவர், மூக்கில் கரி உள்ளவர், குரல் கரகரத்தவர் ஆகியோரை உட்காரவைத்து, முதல் ஆளாகக் கீழே அனுப்ப வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நடக்கக்கூடச் செய்வார்கள். சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு வெந்தவருக்கு நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் கிடைக்கும்வரை, நினைவோடு இருந்தால், உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இரவில் மலைக்குளிர் வேறு. தோல் இழந்த உடம்பு சூட்டைக் காக்காது. போர்வை கட்டாயம்.

பிறகு வந்த விதிகள்

விபத்துக்குப்பின் தமிழ்நாடு அரசு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுப்பாதைகள் மூடப்படுகின்றன. அரசின் மலையேற்றத் திட்டம் 2024-இல் 40 வழிகளோடு தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். தடைக்காலத்தைச் சிலர் அதிகப்படி என்கிறார்கள். மேலே சொன்னபடி தீயின் வேகமான எட்டு கிலோமீட்டருக்கும் மனிதரின் வேகமான இரண்டரைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வழிகாட்டியாலும் குறைக்க முடியாது; அந்த இரண்டு மாதங்களில் அந்தச் சரிவுக்குச் சரியான திட்டம் போகாமல் இருப்பதுதான்.

டிசம்பர் பின்பாதியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, அனுமதியுள்ள வழியில், இதே போன்ற முகட்டுக்குப் போகும் பன்னிரண்டு பேர் குழு எப்படித் திட்டமிடலாம்? விடியுமுன் அடிவாரத்தில் தலை எண்ணிக்கை. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர்; இருவருக்கும் நடுவில் அத்தனை பேரும். யாருக்கும் முன்னவர் கண்ணிலிருந்து மறையக் கூடாது. பாதையில் மூன்று நிறுத்தங்களை வரைபடத்தில் குறித்து ஒவ்வொன்றுக்கும் கடைசி நேரம் எழுத வேண்டும். அதற்குள் வராவிட்டால் திரும்புவது. ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் எரியாத இடம் எது, எத்தனை நிமிடத் தொலைவு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் அந்தப் பகுதியை வெயிலுக்கு முன் கடக்க வேண்டும். முகட்டை அடைந்ததும் காற்று, புகை, புல்லின் நிறம், குழுவில் மிகக் களைத்தவரின் கால் ஆகிய நான்கையும் பார்த்து, நடந்து இறங்குவதா வண்டியில் இறங்குவதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும்.

அந்த இரண்டாம் வழி உண்மையில் இருந்தால்தான் முடிவு என்று ஒன்று இருக்கும். கொழுக்குமலை போன்ற இடத்தில் அது சூரியநெல்லி ஜீப். மறுபக்கம் இறங்கினால் போடியில் நிற்கும் வண்டி என்னவாகும், ஜீப் வாடகையை யார் தருவது என்ற தயக்கமே பல குழுக்களை நடந்த வழியிலேயே இறங்கவைக்கிறது. ஆகவே நடந்துதான் இறங்கப்போகிறோம் என்றிருந்தாலும், புறப்படும் முன்பே ஜீப்புக்கு முன்பணம் கட்டி, பன்னிரண்டு பேரின் பங்கில் அதைச் சேர்த்துவிட வேண்டும். பணம் திரும்ப வராது என்பதையும் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.